வலிக்கு மூன்று மார்க்

பதினோரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள், இப்போது மணி பத்து இருபதுதான், அதற்குள் பிலவேந்திரன் மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், மூன்றாவது தடவை குழாயைத் திறந்தபோதுதான் தாகமே இல்லை என்பது தெரிந்தது. திரும்பி வந்து மனைவி அமலோற்பவத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாற்காலியை ஒரே இரும்பில் சேர்த்துப் பூட்டியிருந்தார்கள், ஒருவர் அசைந்தால் ஐந்து பேரும் அசைய வேண்டும். எதிர்ச்சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடியது, யாரோ ஒரு பெண் கத்தரிக்காய் நறுக்கியபடி சிரித்துக்கொண்டே இருந்தாள். ஓடியதா, ஓடவில்லையா. டிவியைப் பற்றி இல்லை. வலது கையில், அக்குளுக்கு நாலு விரல் கீழே, நரம்பை ஒட்டிப் புளியங்கொட்டை அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்து ஆறு மாதம் ஆகிறது, அதைப் பற்றி. அதற்கு ஒயர் கிடையாது, பேட்டரி கிடையாது, சட்டைக்குள் கையைச் சுற்றிக் கட்டியிருக்கும் பட்டையிலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தோல் வழியாகவே வாங்கிக்கொள்ளும். நரம்பில் என்ன ஓடுகிறது என்று பதிவு செய்யும். சிலருக்குப் பதிவோடு நிற்காமல் நரம்புக்குச் சின்னச் சின்னத் துடிப்பாக மின்சாரமும் கொடுக்கும், எரிச்சல் அடங்குவதற்காக. யாருக்குக் கொடுக்கிறது, யாருக்கு வெறும் பதிவு என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. அறுபது பேரில் முப்பது பேருக்கு அப்படி, முப்பது பேருக்கு இப்படி என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி எடுத்திருந்தது. அதெல்லாம் ஆராய்ச்சி என்று முன்னாலேயே விளக்கிச் சொல்லி, எட்டுப் பக்கத் தாளில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்கினார்கள், இடது கையால் போட்ட கையெழுத்து, ஒன்று மாதிரி ஒன்று இல்லை, எட்டுப் பேர் போட்டதுபோல இருந்தது. இன்றைக்கு அந்த ரகசியத்தைத் திறந்து சொல்லப் போகிறார்கள். ஓடியிருந்தால் என்ன, ஓடாவிட்டால் என்ன, குறைந்திருக்கிறது இல்லையா, அது போதாதா என்று அமலோற்பவம் நேற்றும் சொன்னாள், பஸ்ஸிலும் சொன்னாள். அவளுக்குச் சுலபம். வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொண்டிருந்தாள், அவளைப் பொறுத்தவரை மாதா செய்தது, மாதா மிஷினைக் கொண்டு செய்தாளா மிஷின் இல்லாமல் செய்தாளா என்பது மாதாவின் பாடு.

ஓடியிருக்கும். ஓடித்தான் இருக்க வேண்டும். மணப்பாறையை நினைத்துப் பார். ஜனவரியில் அக்காள் மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம், இரண்டு நாள் தங்கல், பட்டைக்கு சார்ஜ் போடுகிற கருவியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் மதியம் பந்தியில் இருக்கும்போது எரிச்சல் கிளம்பியது, ரசத்துக்குக் குழி செய்த சோறு அப்படியே இருக்க எழுந்துவிட்டார், சுவரோரம் நின்று சட்டையை விலக்கிப் பார்த்தால் பட்டையில் பச்சை விளக்கு இல்லை. விளக்கு அணைந்தது, வலி வந்தது. அப்படியென்றால் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம். ஆனால் எது முதலில்? இதில்தான் ஒவ்வொரு தடவையும் வந்து இடிக்கிறது. எரிச்சல் வந்து பிறகு சட்டையை விலக்கினாரா, இல்லை இலையில் உட்காரும்போதே, சட்டைக் கையை மடிக்கும்போதே, விளக்கு இல்லாததைக் கண் பார்த்துவிட்டதா? மனசு பார்க்காததைக் கண் பார்த்திருக்கலாம். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு அது தெரியும், பள்ளத்தைப் பார்த்தேன் என்று நினைப்பதற்கு முன்னாலேயே கால் பிரேக்கில் இருக்கும். அன்றைக்குச் சட்டையை மடித்தாரா? மடித்தார். இல்லை, அது அரைக்கைச் சட்டை, மடிக்க என்ன இருக்கிறது? நீலச் சட்டை அரைக்கை, ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு நீலச் சட்டையா போட்டார், அமலோற்பவம் எடுத்து வைத்தது வெள்ளை அல்லவா. கேட்டால் சொல்லுவாள். கேட்டால் எதற்கு என்றும் கேட்பாள். பந்தி, இலை, இலையோரத்தில் ஒட்டியிருந்த ஒற்றை அப்பளத் துண்டு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, விளக்கு மட்டும் சில சமயம் முன்னால் அணைகிறது, சில சமயம் பின்னால் அணைகிறது. ஆறு மாதத்தில் அந்த அரை நாள்தான் அது இல்லாமல் இருந்த நேரம், அந்த அரை நாளும் சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது.

எதிரே ஒரு நர்ஸ் வந்து யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், அவர் எழுந்து போக, காலி இடத்தில் வெயில் வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டது தன் பெயர் இல்லை என்றதும் வந்தது நிம்மதி என்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. இப்படியா பயப்படுவது. இந்தக் கையைக் குளித்தலை பக்கம் கரும்பு லாரி உரசிக்கொண்டு போன அன்றுகூட இப்படிப் பயந்ததில்லை. கையை ஜன்னலுக்கு வெளியே போடாதே என்று எத்தனை புது டிரைவர்களிடம் சொல்லியிருப்பார், அன்றைக்கு அவர் முழங்கை வெளியேதான் இருந்தது, வெயிலுக்கு இதமாகக் காற்று வந்தது, அவ்வளவுதான், சத்தம்கூடப் பெரிதாக இல்லை. எலும்பு கூடிவிட்டது, சதை கூடிவிட்டது, நரம்பு மட்டும் கூடவில்லை. டெப்போவில் நேரம் குறிக்கிற அறையில் உட்கார வைத்தார்கள். அப்போது தொடங்கிய எரிச்சல். கொதிக்கிற எண்ணெயில் முக்கி எடுத்த கையை மறுபடி மறுபடி முக்குகிற மாதிரி. ஃபேன் காற்று பட்டால் ஆகாது, சட்டைத் துணி பட்டால் ஆகாது, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் ஆகாது, மிக்ஸிக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அந்தக் கேள்வியே ஆகாது. அப்புறம் ஜெசிந்தா சிரித்தது. மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிந்த அன்று, கூடத்தில் நின்று சிநேகிதியிடம் போனில் பேசிச் சிரித்தாள், சின்னப் பெண்கள் சிரிக்கிற மாதிரி நிறுத்தாமல் சிரித்தாள். அவர் கையில் சொம்பு இருந்தது. இடது கை. நல்ல கை. வலித்தது வலது கை, எறிந்தது இடது கை. புருவத்துக்கு மேல் மூன்று தையல். ரத்தம் கண்ணுக்குள் போனபோதும் அவள் கத்தவில்லை, போனைத் துண்டித்துவிட்டு அவரைப் பார்த்தாள், யார் வீட்டுக்கோ தவறி வந்துவிட்டவள் மாதிரி. கல்லூரி அதே திருச்சிதான், திருவெறும்பூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி, ஆனாலும் ஹாஸ்டலில் சேர்ந்தாள். அம்மாவிடம் பேசுவாள். அப்பாவைப் பற்றி அம்மாவிடம் கேட்பாள். அப்பாவிடம் பேசியதில்லை. வலிதான் எறிந்தது என்று அமலோற்பவம் எல்லோரிடமும் சொன்னாள். அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அப்படித்தான் சொன்னார், வலியில செஞ்சுட்டேன் சாமி என்று, சாமியாரும் தலையை ஆட்டினார்.

பிறகு இந்தக் கருவி. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வலிக்கு மார்க் போட வேண்டும், பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அமலோற்பவம் நோட்டில் எழுதுவாள். முதல் மாதம் முழுக்க எட்டு, ஏழு, எட்டு. ஒருநாள் மூன்று என்று சொன்னார். ஏன் மூன்று என்றார்? உண்மையிலேயே மூன்றாக இருந்ததா, அல்லது மறுநாள் டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததே, அந்தச் சின்னப் பெண் டாக்டர் சாருமதி நோட்டைப் பார்க்கும்போது ஒவ்வொரு தடவையும் முகம் சுருங்குகிறதே, அவள் சந்தோஷப்படட்டும் என்றா? அமலோற்பவம் பேனாவை வைத்துக்கொண்டு, 'மூணா? நெசமாவா?' என்றாள், அவள் கண் கலங்கியது, அதற்குப் பிறகு எட்டு என்று திருத்த முடியுமா? மூன்று என்று சொல்லிவிட்டதால் அன்று இரவு மூன்று வலிக்காரன் மாதிரிப் படுத்தார், மூன்று வலிக்காரன் மாதிரித் தூங்கினார், காலையில் பார்த்தால் மூன்றுதான். இதில் எங்கே பொய் முடிந்தது, எங்கே நிஜம் தொடங்கியது? கோபம் போய்விட்டது. மிக்ஸி ஓடியது, ஓடட்டும் என்று இருந்தார். டெப்போவில் கண்டக்டர்களோடு டீ குடித்தார். கிறிஸ்துமஸுக்கு ஜெசிந்தா வந்தாள், மூன்று நாள் இருந்தாள், மூன்றாம் நாள் கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பட்டை கட்டியிருந்த கையைப் பார்த்து, ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் நேராக ஒரு கேள்வி கேட்டாள். "அந்த மிஷினை எடுத்துட்டா நீங்க திரும்பவும் பழைய மாதிரி ஆயிடுவீங்களா?" அவர் பதில் சொல்வதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஆட்டோ வராமல் இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்?

அந்தக் கேள்விதான். ஓடியிருந்தால், இந்த ஆறு மாதம் வீட்டில் நடமாடிய நல்ல மனிதன் பிலவேந்திரன் இல்லை, புளியங்கொட்டை. டீ குடித்தது புளியங்கொட்டை, பேத்தி பிறந்தால் கொஞ்சப்போவதும் புளியங்கொட்டை. அதைப் பிடுங்கிவிட்டால் சொம்பு எடுக்கிறவன் உள்ளே அப்படியே உட்கார்ந்திருக்கிறான், பட்டையில் விளக்கு அணையக் காத்துக்கொண்டு. அது ஒரு பயம். சரி, ஓடவில்லை என்று வைத்துக்கொள். ஓடவில்லை என்றால் சந்தோஷம்தானே, நானே நல்லவனாக இருந்திருக்கிறேன், என் சொந்த மனசு. இங்கே வந்ததும் மனசு கொஞ்சம் நிமிர்கிறது, நிமிர்ந்த உடனே பின்மண்டையில் அடி விழுகிறது. சும்மா கிடந்த ஒரு கொட்டையை நம்பியே இவ்வளவு அடக்க முடிந்தது என்றால், அன்றைக்கும் முடிந்திருக்கும். அப்போது எறிந்தது யார்? வலி இல்லை. வலியைத் தள்ளிவிட்டால் அந்த இடத்தில் நிற்பதற்கு இன்னொரு ஆள் கிடையாது. ஆக, ஓடியிருந்தால் இப்போதிருக்கிற நல்லவன் நான் இல்லை, ஓடாவிட்டால் அப்போதிருந்த கெட்டவன் நான். இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் எதைச் சொல்வது? ஓடியிருக்கட்டும் என்று தோன்றியது. இல்லை, ஓடாமல் இருக்கட்டும். ஓடியிருந்தால் ஜெசிந்தாவிடம் சொல்லலாம், கழற்றவே மாட்டேன், பயப்படாமல் வா என்று. ஆனால் என்றைக்காவது சார்ஜ் தீர்ந்தால், அவள் பச்சை விளக்கைப் பார்த்துப் பார்த்துத்தானே அந்த வீட்டில் சாப்பிடுவாள், தூங்குவாள், சிரிப்பாள். ஜூனிலிருந்து வீட்டிலேயே இருக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாளாம். அப்பாவுக்கு ரிசல்ட் வரட்டும் என்றும் சொன்னாளாம். ரிசல்ட். அவள் பரீட்சைக்கு அவர் காத்திருந்தது போக, இப்போது அவருக்கு அவள்.

"என்னங்க, வாய் அசையுது? செபமா?" என்றாள் அமலோற்பவம்.

"ஒண்ணுமில்ல."

"கை வலிக்குதா?"

அவர் கையைக் கேட்டுப் பார்த்தார். உண்மையில் அப்படித்தான் செய்தார், கதவைத் தட்டிவிட்டுக் காது வைக்கிறவர் மாதிரி. இருந்தது. எங்கேயோ தூரத்தில் அடுப்பு எரிகிற மாதிரி. அது மூன்றா எட்டா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, பார்க்கப் பார்க்கக் கூடியது, பார்ப்பதை நிறுத்தினால் குறைந்தது.

"தெரியலடி," என்றார்.

"பில்லேந்திரன்! பில்லேந்திரன் யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

உள்ளே ஏசி குளிர் கைக்கு ஆகவில்லை. டாக்டர் சாருமதி எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினாள், அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும், அவள் கைகளும் நிலைகொள்ளாமல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தன. "எனக்கும் இன்னைக்குத்தான் சார் தெரியும். உங்க முன்னாடியே பார்த்துடறேன்," என்றாள். திரையில் எதையோ தட்டினாள், காத்திருந்தாள், படித்தாள், அவள் புருவம் மேலே போனது. பிலவேந்திரன் அந்தப் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்கேயும் தையல் இல்லாத புருவம். "உங்களுக்குப் பதிவு மட்டும்தான் சார். ஆறு மாசமும் கரண்ட் குடுக்கவே இல்ல."

அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்தது, மாதா மிஷின் இல்லாமலேயே செய்துவிட்டாள். பிலவேந்திரனுக்கு முதலில் தோன்றியது ஏமாந்துவிட்டோம் என்று, அடுத்து ஏமாற்றிவிட்டோம் என்று, யாரை என்று தெரியவில்லை. "அப்ப வலி எப்படி டாக்டர் குறைஞ்சுது?"

"இதைப் பாருங்க." திரையை அவர் பக்கம் திருப்பினாள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இரண்டும் முள் முள்ளாக ஏறி இறங்கின. "மேல இருக்கறது கருவி வச்ச முதல் வாரம். கீழ இருக்கறது போன வாரம். உங்க நரம்பு அன்னிக்கு எப்படிக் கத்துச்சோ இன்னைக்கும் அப்படியேதான் கத்துது. ஆனா நரம்பு கத்தறதெல்லாம் அப்படியே வலியா ஆகணும்னு இல்ல சார். மூளை அதை எடுத்துக்கற விதம் ஒண்ணு இருக்கு. நம்பிக்கை, தூக்கம், வீட்டு நிலைமை, எல்லாம் சேருது. இதுல எதனால எவ்வளவுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல. உங்க வலி பொய்னு மட்டும் நினைச்சுடாதீங்க. முன்னாடி எட்டுன்னு சொன்னீங்களே அதுவும் நிஜம், மூணுன்னு சொன்னீங்களே அதுவும் நிஜம்."

அவர் இரண்டு கோடுகளையும் பார்த்தார். மேலேயும் அதே மலை, கீழேயும் அதே மலை. "இது வைக்கறதுக்கு முன்னாடி? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே அளவுதான் இருந்திருக்குமா?"

"அப்போ பதிவு இல்லையே. ஆனா வேற மாதிரி இருந்திருக்கக் காரணம் இல்ல."

இதே அளவுதான். இதே கத்தலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிறிஸ்துமஸுக்குப் பெண்ணுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தார், இதே கத்தலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு. டாக்டர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தாள், சோதனைக் காலம் முடிந்துவிட்டதால் இப்போது கரண்டைத் தொடங்கலாம், அவர் சம்மதித்தால் இப்போதே, பத்து நிமிஷத்தில் தெரியும், கரண்ட் கொடுத்த மற்ற முப்பது பேரில் பாதிப் பேருக்கு மேல் நன்றாகக் கேட்டிருப்பதாகத் திரையில் வந்திருக்கிறது, அந்த மூன்று மார்க் வலியும் இல்லாமல் போகலாம். போகலாம். போய்விட்டால் அதற்குப் பிறகு வாயிலிருந்து வருகிற ஒவ்வொரு வார்த்தையும் யார் பேசியது என்று யாருக்குத் தெரியும். அவருக்கே தெரியுமா. இந்த ஒரு அரை மணி நேரம்தான் எல்லாம் பிரிந்து பிரிந்து கிடக்கிறது, மிஷின் தனியாக, வலி தனியாக, அவர் தனியாக.

"அஞ்சு நிமிஷம் குடுங்க டாக்டர். ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

"பண்ணிட்டு வாங்க சார், அவசரமில்ல."

பட்டையை இடது கையாலும் பல்லாலும் அவிழ்த்து மேசைமேல் வைத்தார். அமலோற்பவம் கூடவே எழுந்தாள். "நீ இரு," என்றார்.

வெளியே நீளமான நடைக்கூடம், ஃபினாயில் வாடை, ஸ்ட்ரெச்சர் ஒன்று சக்கரம் கிறீச்சிட்டுப் போனது. சத்தம் கையில் ஏறியது. ஏறட்டும். ஜெசிந்தாவின் எண் அவர் போனில் இருந்தது, அதிலிருந்து அவளை ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை. வகுப்பில் இருப்பாள், எடுக்க மாட்டாள், சாயங்காலம் அமலோற்பவம் சொல்லிக்கொள்ளட்டும், அவள் பக்குவமாகச் சொல்லுவாள், அப்பாவுக்கு நல்லபடியா முடிஞ்சுது என்று சொல்லுவாள், அது பொய்யும் இல்லை. கட்டைவிரல் அழுத்திவிட்டது. முதல் தடவை முழுக்க அடித்து நின்றது. இரண்டாவது தடவை மூன்றாம் மணியில் எடுத்தாள்.

"அப்பா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

அவர் போன் செய்தால் அதுதான் அர்த்தம். "அம்மா நல்லாருக்கா. உள்ள உக்காந்திருக்கா. நான்தான் பேசறேன்."

பின்னால் பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு போகிற சத்தம், அது தேய்ந்தது, அவள் எங்கேயோ ஒதுங்கி வந்திருக்கிறாள்.

"ரிசல்ட் சொல்லிட்டாங்கம்மா. மிஷின் ஓடவே இல்லையாம். ஆறு மாசமா சும்மா பதிவு மட்டும்தான் பண்ணிருக்கு."

"அப்ப?"

"அப்ப..." என்றார். எவ்வளவோ யோசித்து வைத்திருந்தது, ஒன்றும் இல்லை, நடைக்கூடம்தான் இருந்தது. "வலி அப்பவும் இவ்வளவுதான், இப்பவும் இவ்வளவுதான்னு கோடு போட்டுக் காட்டறாங்க. அதனால அன்னிக்கு உன்னை அடிச்சது வலி இல்லம்மா. நான்தான். வலின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு. மிஷினைப் போடறதுக்கு முன்னாடி சொல்லணும்னு."

அவருக்குப் போனை வைத்துவிடலாம்போல இருந்தது, வைக்கக் கூடாது என்றும் இருந்தது.

"நீ அன்னிக்குக் கேட்டியே, பழைய மாதிரி ஆயிடுவீங்களான்னு. எனக்குத் தெரியலம்மா. ஆக மாட்டேன்னு எழுதிக் குடுக்க எனக்குத் தெரியல. ஆனா அப்படி ஆயிட்டா, அது நானா ஆனதுதான். கையைக் காட்டித் தப்பிக்க மாட்டேன்."

தொடர்பு அறுந்துவிட்டதா என்று போனை எடுத்துப் பார்த்தார், நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தார்.

"இப்ப வலிக்குதா?" என்றாள்.

மூன்று என்று சொல்ல வாய் வந்தது. "வலிக்குதும்மா. நல்லா எரியுது."

"அப்புறம் ஏம்ப்பா வெளிய நின்னு பேசிட்டிருக்கீங்க? உள்ள போங்க."

வைத்துவிட்டாள். அது கோபமா, சலிப்பா, அழுகையை மறைக்க வெடுக்கென்று சொன்னதா, அவருக்குப் பிடிபடவில்லை, அந்தக் குரலைக் கேட்டு நாளாகிவிட்டது, அதில் எது எது எப்படி ஒலிக்கும் என்பது மறந்துபோயிருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டார், விழுந்துவிடாமல் இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். அறைக் கதவைத் திறந்துகொண்டு அமலோற்பவம் தலையை நீட்டினாள்.

"யாருக்குங்க போன்? ஜெசிந்தாவுக்கா? எடுத்தாளா? என்ன சொன்னா?"

"உள்ள போகச் சொன்னா," என்றார் பிலவேந்திரன். உள்ளே போய் உட்கார்ந்து, சட்டைக் கையை விலக்கி, கையை மேசைமேல் நீட்டி வைத்தார்.